தண்ணிக் கையைக் கட்டிப் போடு, பேராண்டி

ஏலே பேராண்டி, உக்காரு. ஒன் தொட்டியை மோந்து பாத்தேன். அழுகுன பூசணிக்கா வாடை. தூண்கள்ளியை நறுக்கி, சாயங்காலமே நட்டு, ராத்திரியே ஒரு குடம் தண்ணியும் ஊத்திட்டியாமே! இந்தத் தாராளம் ஒங்க அப்பன்கிட்ட இருந்திருந்தா எனக்கு எப்பவோ ஒரு வேட்டி கிடைச்சிருக்கும்.

வேலியில சதுரக்கள்ளியை ஒடிச்சு வச்சா வருதேம்ப. அது பால் வடியிற கள்ளி, வேற வகையறா. ஒன்னுது தென் அமெரிக்காவுல இருந்து வந்த செரியஸ். சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தம். அந்தச் சப்பாத்தி காடு கரையெல்லாம் அடைச்சுக் கிடந்தப்ப, 1926-ல இலங்கையில இருந்து பூச்சி கொண்டாந்து விட்டுத்தான் அடக்குனாங்க. இந்தக் குடும்பத்தைச் சாகடிக்கப் பூச்சி வேணும், இல்லாட்டி ஒன்னைய மாதிரி பாசக்காரன் வேணும்.

சரி, மிச்சத்தை எடு. ஒரு பொட்டுப் பழுப்பு இல்லாம சதை சுத்தமா வர்ற வரைக்கும் அறுத்துக்கிட்டே போ. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடை. பெறகு விளிம்பைப் பென்சில் சீவுற மாதிரி சரிச்சு விடு. காயும்போது நடுச்சதை உள்ளே வாங்கும், தோல் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். நடுவுல வட்டமா ஒரு வளையம் தெரியுது பாரு, வேர் கிளம்புறது அதுலதான். அது மண்ணைத் தொட வேண்டாமா?

இனி ரெண்டு மூணு வாரம் நிழல்ல சும்மா விடு. சும்மா இருக்கத்தான் ஒனக்கு வராதே! சுவத்துல சாச்சு நிமித்தி வை. படுக்கப் போட்டா நுனி வெளிச்சத்தைத் தேடி வளஞ்சுக்கும். தலை எது, கால் எதுன்னு கரியால ஒரு கோடு போட்டுக்கோ. வெட்டுவாய் பழைய செருப்புத்தோல் கணக்கா இறுகினதும், பாதிக்குப் பாதி மணல் கலந்து, மூணு விரக்கடை ஆழத்துல நட்டுக் கம்பு கட்டு.

அப்பவும் தண்ணி கிடையாது. தெனம் புடுங்கி வேர் பாக்குற சோலியும் வேண்டாம். அடைகாக்குற முட்டையை உடைச்சுப் பாத்தா குஞ்சு பொரிக்குமா? மாசம் ஒண்ணு போகட்டும். லேசா அசைச்சா மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அன்னைக்கு ஒரு செம்புத் தண்ணி.

நீ மொதல்ல நறுக்குன தாய்ச்செடியோட அடித்தூரைப் புடுங்கி எறிஞ்சிராதலே. அதுல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு மூணு தலை முளைக்கும். அதுல ஒண்ணு எனக்கு.