அழுதால் அரியர் வராது

மேடையில் குத்துவிளக்கு மட்டும் எரிய, அரங்கின் விளக்குகளை அணைத்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு வயலின் ஒப்பாரி வைக்கத் தொடங்கியது. “எல்லாரும் கண்ணை மூடுங்க. பக்கத்துல உக்காந்திருக்கற அம்மாவோட கையைப் பிடிங்க. அந்தக் கை ஏன் காய்ச்சுப்போச்சு? யாருக்காகக் காய்ச்சுப்போச்சு?” என்றார் பேச்சாளர். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தேம்ப ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் இருந்த அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடையது முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்கள். அதை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வெளிச்சத்திலேயே நன்றாகத் தெரியும்.

அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மகன்தான் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கிற முதல் ஆள். “அங்க யாரு என்ன பேசுறாங்கன்னு எனக்குப் புரியாது தம்பி, நீயும் கூட வா” என்று கூப்பிட்டதால் போனேன். நெடுஞ்சாலை ஓரத்துப் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம், எந்தப் பெயரைச் சொன்னாலும் பொருந்தும். நிகழ்ச்சி நிரலில் அந்த நேரத்துக்கு ‘கற்கக் கற்போம்’ என்று தலைப்பு. கல்லூரியில் எப்படிப் படிப்பது என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வகுப்பாம்.

இந்த வகுப்பு வானத்திலிருந்து விழவில்லை. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு மூன்று வாரம் அறிமுக நிகழ்ச்சி நடத்துங்கள் என்று 2017-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு சொன்னது. ஊரைச் சுற்றிப் பார்க்கட்டும், விளையாடட்டும், இலக்கியம் படிக்கட்டும், பின்தங்கிய பாடத்தைச் சரிசெய்துகொள்ளட்டும், ஆசிரியரோடு பழகட்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். இந்தக் கல்லூரி அதை மூன்று நாளாகச் சுருக்கிவிட்டது. முதல் நாள் தாளாளருக்குப் பொன்னாடை. இரண்டாம் நாள் தாளாளரின் மகனுக்குப் பொன்னாடை. மூன்றாம் நாள் இந்தப் பேச்சாளர். பஸ் கட்டணத்தை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை மட்டும் மூன்று நாளும் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொன்னால்தான் மனதில் பதியும் என்கிற கற்றல் விதி அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அழுகை முடிந்து விளக்கு வந்ததும் திரையில் ஒரு பிரமிடு வந்தது. படித்தால் 10 விழுக்காடு நினைவில் நிற்கும், கேட்டால் 20, பார்த்தால் 30, செய்தால் 90. எல்லாம் பத்துப் பத்தாக, மளிகைக் கடை எடைக்கல் மாதிரி. எந்த மனிதனின் மூளையாவது இப்படி ரவுண்டாக வேலை செய்யுமா என்று அரங்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கணிதத் துறைத் தலைவர் முன்வரிசையில் இருந்தார். அவரும் கேட்கவில்லை. எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-இல் ஒரு கூம்புப் படம் வரைந்தார். அனுபவங்களை நேரடியானது, மறைமுகமானது என்று வகைப்படுத்திய படம். அதில் ஒரு எண்கூடக் கிடையாது. எண்களைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டினார்கள். நம்மூர் மேடைகளில் அதற்குப் பெயர் அறிவியல்.

அடுத்து, “உங்கள்ல யார் கண் வழியாக் கத்துக்கிறவங்க? காது வழியா யாரு? கை வழியா யாரு? கையைத் தூக்குங்க!” என்றார். பிள்ளைகள் சாதி பிரித்து உட்கார்ந்த மாதிரி மூன்றாகப் பிரிந்தார்கள். இப்படிப் பிரித்துப் பாடம் நடத்தினால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை என்று உளவியலாளர்கள் 2008-இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். நெடுஞ்சாலை வரைக்கும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. டோல்கேட்டில் மாட்டியிருக்கும்.

இந்த ஊக்கப் பேச்சுத் தொழிலில் இறங்க எந்தத் தகுதியும் வேண்டாம், ஒரு கோட்டும் காதோடு ஒட்டிய மைக்கும் போதும். 2024-இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு இப்படி ஒருவர் வந்தார். ஊனத்துக்குக் காரணம் முற்பிறவிப் பாவம் என்று பிள்ளைகளிடமே பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். அந்த ஒரு ஆசிரியர் கேட்ட கேள்விதான் அன்று அங்கே நடந்த ஒரே பாடம்.

படிப்பது எப்படி என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1885-இல் ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளாகப் பொறுக்கி மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறந்துபோகின்றன என்று தன்னையே வைத்துச் சோதித்தார். நம்மூர் இரண்டு மார்க் விடைகள் அவருக்குக் கிடைத்திருந்தால், பொருளில்லாத அசைகளுக்காக அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். அவர் கண்டது: ஒரே ராத்திரியில் பத்து முறை உருப்போடுவதைவிட, நாள் விட்டு நாள் திரும்பிப் பார்ப்பது நிற்கும். 2013-இல் ஐந்து உளவியலாளர்கள் சேர்ந்து பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போடுவது, திரும்பத் திரும்பப் படிப்பது இரண்டும் அடிமட்டம். புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத் தானே கேள்வி கேட்டுப் பார்ப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது இரண்டும் மேலே. படித்ததை இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதற்கு நாம் சீமைக்குப் போக வேண்டியதே இல்லை. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்து அதைத் தன் விடுதியிலும் தொடங்கி, பிறகு 1797-இல் புத்தகமாகப் போட்டு, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கே கொண்டுபோனார்.

இவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஒரு ஆசிரியர் சாக்பீஸால் சொல்லிவிடலாம். ஆனால் இதற்கு வயலின் தேவைப்படாது, பில்லும் போட முடியாது.

சரி, பேச்சாளர் நல்லதாகவும் சிலது சொன்னார், சொல்லாமல் விடக்கூடாது. தினமும் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்றார். எங்கள் ஊருக்குக் கல்லூரி பஸ் காலை ஆறு மணிக்கு வருகிறது. ஐந்துக்கு எழ வேண்டும். வகுப்பு முடிந்து மாலை நாலு நாற்பதுக்குக் கிளம்பும் பஸ், எண்பது கிலோமீட்டர் வட்டமடித்து ஏழு மணிக்கு இறக்கிவிடும். சாப்பிட்டுவிட்டு ரெக்கார்டு நோட்டு எழுத உட்கார்ந்தால் பதினொன்றரை. ரெக்கார்டு என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்கு: சீனியரின் நோட்டை எதிரே வைத்து, அவன் போட்ட ரீடிங்கையும் அவன் விட்ட பிழையையும் ஒரு மயிரிழை பிசகாமல் அழகிய கையெழுத்தில் பெயர்த்தெழுதுவது. கோடு கோணினால் கிழித்துப் போட்டு மறுபடி எழுதச் சொல்வார்கள். பேச்சாளர் சொன்ன ‘கை வழிக் கற்றல்’ இதுதான் போலிருக்கிறது. இருபத்தைந்து நிமிடம் படித்துவிட்டு ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கும் இத்தாலியத் தக்காளி முறையையும் விளக்கினார். தக்காளி வடிவ அலாரத்தை வைத்து ஒருவர் கண்டுபிடித்ததாம். விடுதி ரசத்தில் தக்காளியைத் தேடியே களைத்துப்போன பிள்ளைகளுக்கு இது பெரிய ஊக்கம்.

குழுவாகப் படியுங்கள் என்றார். இந்தப் பேச்சு முடிந்து அரை மணி நேரத்தில் அச்சிட்ட விதிப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டால் பெற்றோரை வரவழைப்போம். மாடிப்படிகூடத் தனித்தனி. செல்போன் கண்ணில் பட்டால் செமஸ்டர் முடியும் வரை பறிமுதல். வகுப்பு முடிந்தபின் வளாகத்தில் கூட்டமாக நிற்கக் கூடாது. சேர்ந்தும் படிக்க வேண்டும், சேரவும் கூடாது. பெண்கள் விடுதியின் கேட் ஆறு மணிக்குப் பூட்டு. விடுதியில் இருப்பவர்களுக்காக நூலகத்தை எட்டு வரை திறந்து வைக்கிறார்கள். ஆனால் ஆறு மணிக்குப் பிறகு ஒரு பெண் புத்தகம் தொட்டால் எந்த விபரீதம் நேரும் என்று விதிப் புத்தகத்தில் விளக்கவில்லை.

நேர மேலாண்மைக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளூர்த் திறமையை அவமதிக்கிற செயல். 2024 ஜூலையில், ஊழலுக்கு எதிராகப் போராடும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியல் வெளியிட்டது, நினைவிருக்கிறதா? அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளில் 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்கு காட்டியிருந்தார்கள். பத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இருந்தவர்களும் உண்டு. ஒரு நாளுக்கு எல்லாருக்கும் இருபத்து நான்கு மணி நேரம்தான் என்று பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள், இவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுச் சொற்பொழிவு வைத்திருக்கலாம். கூப்பிட்டால் வருவாரா என்பதுதான் பிரச்சினை, காகிதத்தில் மட்டுமே நடமாடிப் பழகியவர்.

நிஜமாகவே நின்று பாடம் நடத்துகிற ஆசிரியரின் நிலைமை வேறு. ஏப்ரல், மே வெயிலில் அவர் ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். இத்தனை தலை என்று டார்கெட். பிடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும். வேறு வேலைக்குப் போகலாம் என்றால் ஒரிஜினல் சர்டிஃபிகேட் பீரோவில் பூட்டிக் கிடக்கும். அந்த மனிதரிடம் போய் ஒரு பையன் “சார், இது புரியல” என்றால், அவர் எதை என்று கேட்பார்?

பையனுக்கு எது புரியவில்லை என்பதைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். வகைக்கெழு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முடுக்கம், திசைவேகம், இணைதிறன், அணிக்கோவை எல்லாம் தெரியும். முதல் கணித வகுப்பில் ஐம்பது நிமிடம் “டெரிவேட்டிவ், டெரிவேட்டிவ்” என்றார்கள். அன்று ராத்திரி என்னைத் தேடி வந்தான். “மாமா, ஏதோ புதுசா ஒண்ணு நடத்துறாங்க, ஒண்ணுமே விளங்கல.” விசாரித்தால் பழைய வகைக்கெழுதான், இங்கிலீஷ் பெயர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நான்கு பக்கத்துக்கு ஒரு கலைச்சொல் பட்டியல் அச்சடித்துக் கொடுத்தால் தீர்கிற வியாதி இது. செலவு ஒரு பிள்ளைக்கு நாலு ரூபாய் ஜெராக்ஸ். பேச்சாளருக்குப் போட்ட பொன்னாடையின் விலையில் ஒரு வகுப்புக்கே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவனை அழவைத்தார்கள். புரியாமல் போனதற்குக் காரணம் அம்மாவின் கையை அவன் மறந்ததுதான் என்று நம்பவைத்தார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். பாடம் நடத்தாதது கல்லூரி, குற்ற உணர்ச்சி மட்டும் பையனுக்கு.

பள்ளிக்கூடம் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலேயே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போடவைத்த கோழிப்பண்ணைப் பள்ளிகளை ஊரே வரிசையில் நின்று கொண்டாடியது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விக்கு மேல் ஒன்று கேட்டாலே ‘அவுட் ஆஃப் சிலபஸ்’ என்று பெற்றோர் தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டார்கள். பன்னிரண்டு வருடம் ஒப்பிக்கவைத்துவிட்டு, பதிமூன்றாம் வருடம் முதல் வாரத்தில் ‘சிந்தித்துப் படி’ என்றால் பிள்ளை யாரை நம்பும்?

நம்பவும் வேண்டாம். மூன்றாம் வாரமே சீனியர்கள் உண்மையான கற்றல் உத்தியைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஐந்து வருடப் பழைய கேள்வித்தாள், கொஸ்டின் பேங்க், ஒரு யூனிட்டுக்கு மூன்று ‘இம்பார்ட்டண்ட்’. தேர்வில் இரண்டு மார்க் பத்து, பதின்மூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. எதை விட்டாலும் பாஸாக எது போதும் என்று கடைக்காரர் விரல் விட்டுச் சொல்வார். அவர் எட்டாவது வரை படித்தவர். அந்த வளாகத்தைச் சுற்றி, பிள்ளைக்கு என்ன தேவை என்று கேட்டுக் கொடுக்கிற ஒரே கல்வியாளர் அவர்தான். மழைக்கும் கடையைத் திறந்து வைக்கிறார்.

போன வாரம் பையன் வந்திருந்தான். முதல் இன்டர்னலில் கணிதம் 18. அக்காவுக்கு அது நூற்றுக்கா ஐம்பதுக்கா என்று தெரியாது, என்னைப் பார்த்தார். நூற்றுக்கு. நூலகத்தில் போய் ஒரு நல்ல புத்தகம் எடுத்துப் படிக்கக் கூடாதா என்று கேட்டேன். “மதியச் சாப்பாட்டு நேரத்துல லைப்ரரி மூடியிருக்கும் மாமா. நாலரைக்கு வகுப்பு முடியும், நாலு நாப்பதுக்கு பஸ். விட்டா வேற பஸ் இல்ல” என்றான்.

அடுத்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் இந்த அரங்குகள் நிறையும். பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற அக்காக்களே, அண்ணன்களே, விளக்கை அணைக்கும்போது கண்ணை மூடாதீர்கள். பேச்சாளர் மைக்கைக் கீழே வைத்ததும் எழுந்து நின்று கேளுங்கள். என் பிள்ளைக்குக் கணிதம் எடுக்கப்போகிறவர் யார், அவரை இங்கே வரச் சொல்லுங்கள். லைப்ரரி எத்தனை மணி வரை? பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி எடுப்பீர்களா, மாட்டீர்களா?