புரவலர் குரைக்கிறார்

சென்னை அடுக்ககங்களில் காலையும் மாலையும் நாயை உலாத்திக் கூட்டிவரச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. அவர்களில் சிலர் மீதி நேரத்தில் கவிதை எழுதுகிறார்கள், குறும்படம் எடுக்கிறார்கள். தயாரிப்பாளர் நாய்தான்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கூரத்தில் இந்தத் தொழில் போணியாகாது. அங்கே நாய்கள் தாமாகவே ஏரிக்கரைவரை போய், ஆட்டுக்காரரோடு ஒரு தகராறை முடித்து, டீக்கடையில் பொறை தின்றுவிட்டுத் திரும்புகின்றன. 2023-இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்க்குச் 'சமூக விலங்கு' என்று பதவி உயர்வும் கொடுத்துவிட்டன. கயிறும் கையுமாகப் போய் நின்றால், "ஏன் தம்பி, நாய் ஓடிப்போச்சா?" என்பார்கள்.

ஆனால், கலைக்குச் சோறு போட்ட ஊர் அது. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்றே தானத்தில் ஒரு பங்கு ஒதுக்குகிறது. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தருவதற்கும் ஒரு பங்கு உண்டு. இலக்கியமும் குடமும் ஒரே பந்தியில் (விமர்சகர்கள் அப்போது இல்லை போலும்). வாசித்தவர் யார் வீட்டு நாயையும் மேய்க்கவேண்டியிருக்கவில்லை. இன்றைய கவிஞரைப் புரப்பது 7-ஆவது மாடி லாப்ரடார். அதுவும் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு.