பழைய பாட்டுக்குக் கழிவில்லை

ராப் பாடகர் யோகி பி முன்புபோல் இல்லை என்ற வழக்கு, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கும் பஸ்ஸிலும் நடக்கக்கூடியதுதான். வழக்கின் மூல ஆவணம், மலேசியரான அவர் நட்சத்ரா குழுவோடு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ பாடல் தொகுப்பு. அதன்பின் வந்ததெல்லாம் எதிர்த்தரப்புச் சான்று: 2017இல் ‘விவேகம்’ படத்தின் ‘சர்வைவா’, 2018இல் ‘காலா’வின் ‘கற்றவை பற்றவை’.

நிறுவை முறை தோட்டத்துக்குத் தெரிந்ததே. கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டியதும் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கிலோக் கணக்கில் கழித்துவிட்டு மிச்சம்தான் துண்டில் ஏறும். புதுப் பாட்டுக்கும் அதே கழிவு. கதாநாயகனுக்காக எழுதியதா, கழி. இசையமைப்பாளரின் சத்தம் தூக்கலா, அதையும் கழி. பழைய பாட்டு மட்டும் ஈரத்தோடு முழு நிறை. கேட்டபோது ரசிகருக்கு வயது பதினாறு என்பதும், பாட்டு ப்ளூடூத்தில் ஃபோன் விட்டு ஃபோன் தாவி வந்தது என்பதும் அந்த நிறையில் சேர்த்தி.

யாரும் கூண்டில் ஏற்றாத சாட்சி ஒன்று உண்டு. ‘வல்லவன்’ தொகுப்பின் புகழ்பெற்ற ‘மடை திறந்து’, 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசைத்த பாட்டின் மறுவார்ப்பு. அசலைக் கெடுத்துவிட்டான் என்று அன்று முணுமுணுத்த மாமாக்களுக்குக் கிடைத்த பதில், ‘உங்களுக்கு வயசாயிருச்சு’. அதைச் சொன்ன மருமகன்கள்தான் இப்போது தராசைப் பிடித்திருக்கிறார்கள். பின்சீட்டில் இயர்ஃபோன் மாட்டிய பையனுக்கோ, யோகி பி என்றால் ‘காலா’வில் பாடியவர்.