கெர்னல் கைங்கரியம்

மடிக்கணினியின் விலாவில் செருகும் பி.சி.எம்.சி.ஐ.ஏ. அட்டையை நாமே தயாரிக்கும் லினக்ஸ் கெர்னல் அங்கீகரிக்க வேண்டுமானால், அது கேட்கும் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு ‘உண்டு’, ‘இல்லை’, ‘தேவைப்பட்டால் அழைக்கலாம்’ என்று சிரத்தையோடு விடையளித்து, பின்னர் மூலநிரல் முழுவதையும் கம்பைல் செய்யவேண்டும் என்ற நியதியைக் குறைகூறுவோர், பச்சைத்தோல் பதமாவதற்கு எத்தனை தொட்டிகளில் ஊறுகிறது என்பதை ஆம்பூருக்கு வந்து பார்க்கட்டும். 2001-இல் வெளியான 2.4-ஆம் பதிப்பு அட்டைக்கான ஆதரவைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டதால், சிரமம் குறைந்துவிடுமோ என்ற அச்சமும் தீர்ந்தது, கேள்விகள் பெருகின.

வேலூர் அன்பர் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து, அநாவசியமானவற்றை நீக்கி, அட்டைக்கான ஆதரவைப் பரிபூரணமாக ஸ்தாபித்தார். அவருடைய புதுக் கணினியில் அட்டைக்குத் துவாரமே கிடையாது. அதனாலென்ன? நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று கீர்த்தி பெற்ற ஊரில், 1981-இல் கோட்டைக் கோயிலின் சாமியான ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து திரும்பிவிட்டதால் காலியாகக் கிடந்த மூன்றாம் ஸ்தானம் இப்போது முறைப்படி நிரம்பியிருக்கிறது.