தட்டில் ஏறாத பட்சணம்

தீபாவளிப் பட்சணத்துக்கு யாரும் ஏட்டில் எழுதி வைக்காத, ஆயினும் எந்த வீட்டு அடுக்களையிலும் மீறப்படாத மூன்று லட்சணங்கள் உண்டு. முதலாவது, அது இருக்க வேண்டும். அதாவது, தீப்பெட்டியே நமுத்துப் போகும் ஐப்பசி மழையிலும் தகர டப்பாவுக்குள் பதம் கெடாமல் கிடந்து, கார்த்திகை பிறந்த பிறகு வந்து சேரும் விருந்தாளிக்கும் ‘தீபாவளிக்குச் செய்தது’ என்ற கௌரவத்தோடு எடுத்து வைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். இரண்டாவது, அது நடக்க வேண்டும். தட்டில் ஏறி, பின்னல் துணியைப் போர்த்திக்கொண்டு, சிறுமி ஒருத்தியின் கையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்ச் சேர வேண்டும். மூன்றாவது, அது எண்ணத் தக்கதாக இருக்க வேண்டும். ஏனெனில் எதிர்வீட்டுக்கு எத்தனை போயிற்று, எதிர்வீட்டிலிருந்து எத்தனை வந்தது என்ற கணக்கின் மேல்தான் தெருவின் சமாதானம் நின்றுகொண்டிருக்கிறது. முந்திரிக்கொத்தும் அதிரசமும் முறுக்கும் இம்மூன்று பரீட்சையிலும் பரம்பரையாகத் தேறி வருபவை. மூன்றிலும் தோற்பதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்ட பதார்த்தம் ஒன்று உலகில் உண்டென்றால், அது பழச்சாற்றை உறைய வைத்துச் செய்யும் ஐஸ்தான். சென்ற தீபாவளிக்கு அதையே செய்வதென்று நான் தீர்மானித்தேன்.

ஏன் இந்த விபரீத ஆசை என்று கேட்பவர்கள், தீபாவளியன்று மத்தியானம் தங்கள் நாக்கு எந்த நிலையில் கிடக்கிறது என்பதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்னே தலைக்கு எண்ணெய். விடிந்த பின்னே வயிற்றுக்கு எண்ணெய். சுசியம், வடை, அதிரசம் என்று எண்ணெயிலே ஜனித்து எண்ணெயிலே வளர்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரவேற்று உபசரித்த நாக்குக்கு, பகல் பன்னிரண்டு மணி அளவில் வைராக்கியத்தை ஒத்த ஒரு சலிப்பு உண்டாகிறது. அந்த நேரத்தில் பாலும் நெய்யும் இல்லாத, புளிப்பும் குளிர்ச்சியும் உள்ள ஏதேனும் ஒன்று வேண்டும். நட்சத்திர ஓட்டல்களில் சோர்பே என்ற பெயரில் இது கண்ணாடிக் கிண்ணத்தில் வருகிறது. எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் அதற்குத் திராட்சை ஐஸ் என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

இந்த யோசனையைக் குடும்ப சபையில் வெளியிட்டபோது முதலில் பேசியவர் என் அத்தை. தீபாவளி லேகியத்துக்கு எங்கள் தெரு முழுவதற்கும் அவரே அதிகாரி. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இவற்றின் விகிதத்தில் அவர் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

“ஊரு பூரா தீவாளிக்கு மருந்து கிண்டுதாங்க, நீ என்னடான்னா நோயைக் கிண்டப் போறேன்னு நிக்கியே!” என்றார்.

என் மனைவியின் தீர்ப்பு இன்னும் சுருக்கமானது. “நீங்க என்ன வேணாலும் செய்யுங்க, அடுக்களைப் பக்கம் மட்டும் வந்திராதீங்க.”

ஐஸின் குலம் கோத்திரம் பற்றி அத்தைக்குச் சந்தேகம் இருந்தபடியால், அதன் சரித்திரத்தை எடுத்துச் சொல்வது என் கடமை ஆயிற்று. அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் வெடியுப்பைக் கரைத்துக் குடிதண்ணீரைக் குளிர வைத்ததை அபுல் ஃபஸல் எழுதியிருப்பதைச் சொன்னேன். பாஸ்டன் நகரத்து வர்த்தகர் ஃபிரடெரிக் டியூடர் என்பவர் 1833-இல் சுமார் 180 டன் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பியதையும், நான்கு மாதப் பிரயாணத்தில் கடலுக்கும் வெயிலுக்கும் கப்பம் கட்டியது போக ஏறக்குறைய 100 டன் வந்து இறங்கியதையும் சொன்னேன். பின்னர் சென்னைக் கடற்கரையிலும் அந்தப் பனிக்கட்டிக்கென்று ஒரு மாளிகை எழும்பிற்று என்றும், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897-இல் அதே மாளிகையில் தங்கிப் பிரசங்கங்கள் செய்தார் என்றும் கூறி முடித்தேன்.

விவேகானந்தர் பெயர் வந்த இடத்தில் மட்டும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, “அவுக வரும்போது அங்கன ஐஸ் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லை, இங்கேயே யந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்து, அந்த வியாபாரம் முன்னாலேயே நின்று போய்விட்டது.”

“பாத்தியா? அது போன பொறவுதான் அவுக வந்திருக்காக.”

சரித்திரத்தை ஆதாரமாகக் கொண்டு வாதாடுவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

பழம் பன்னீர் திராட்சை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வருஷம் முழுவதும் அறுவடை ஆகிறபடியால் ஐப்பசியிலும் தள்ளுவண்டியில் கிடைப்பது. தோல் தடிப்பும், விதையும், துவர்ப்பும் உள்ள இந்தப் பழத்தை விதையில்லாத பச்சைத் திராட்சைக்குப் பழகிய குழந்தைகள் அலட்சியம் செய்வார்கள். ஆனால் மணம் என்று வரும்போது அந்தப் பச்சைத் திராட்சை இதன் வாசலில் நிற்கவும் யோக்கியதை அற்றது. நிறமும் மணமும் பெரும்பாலும் தோலில் இருப்பதனால், பழத்தை மிக்ஸியில் போட்டு அரைப்பவன் விதையின் கசப்பையும் சேர்த்து அரைத்தவன் ஆகிறான். தீபாவளிக்கு முந்தின இரவு, அடுக்களை ஓய்ந்த பிறகு, இரண்டு கிலோ பழத்தைக் காம்பு நீக்கி, ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு மந்தமான தீயில் வைத்தேன். பழங்கள் ஒவ்வொன்றாகத் தோல் வெடித்து, வெளிறிய சதை வெளியே வந்து, பிறகு சதையும் தோலும் தண்ணீரும் ஒரே கருஞ்சிவப்பாகின்றன. அதை வெள்ளை மல் துணியில் கொட்டித் தொங்கவிட்டுத் தானாக வடிய விட வேண்டும். பொறுமை இழந்து பிழிந்தால் சாறு கலங்கும். அந்தத் துணியின் பூர்வாசிரமம் என் வேஷ்டி என்பதும், அதற்குப் பழைய நிறம் திரும்பவே இல்லை என்பதும் உபகதைகள்.

வடிந்த சாற்றில் கால் கிலோ சீனியும், இரண்டு எலுமிச்சம்பழச் சாறும், ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தேன். ருசி பார்த்த மனைவி, “சீனி சாஸ்தி” என்றாள். சாஸ்திதான்; சாஸ்தியாகத்தான் இருக்க வேண்டும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும் என்பது ஒரு காரணம். சீனி வெறும் இனிப்புக்காக மட்டும் அதில் இல்லை என்பது மற்றொரு காரணம். சீனி கரைந்த நீர் வெறும் நீரைவிட அதிகக் குளிரில்தான் உறையும். ஆகையால் சீனி குறைந்தால் சாறு பாறையாக இறுகி, உண்பதற்கு உளி தேவைப்படும். மிகுந்தால் எத்தனை குளிரூட்டினாலும் கூழாகவே நிற்கும். மொத்த எடையில் கால் பங்குக்குச் சற்று மேல், முப்பது சதவீதத்துக்கு உள்ளே, பழத்தின் சொந்தச் சர்க்கரையையும் சேர்த்து இருப்பது உத்தமம். இதை அளக்கக் கண்ணாடிக் கருவி உண்டு. கருவி இல்லாத வீடுகளுக்கு மேல்நாட்டார் கண்டுபிடித்த உபாயம் ஒரு முட்டை. கழுவிய பச்சை முட்டையைச் சாற்றில் இட்டால், பதம் சரியாக இருக்கும் பட்சத்தில் அது மிதந்து, ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தலையை வெளியே காட்டும். மூழ்கினால் சீனி போதாது. அதற்கு மேல் எழும்பினால் அதிகம்.

மூன்று தலைமுறையாக முட்டை படியேறாத சைவ வீட்டில், தீபாவளிக்கு முந்தின இரவு, இந்த விஞ்ஞானத்தை எங்கே வைத்து நடத்துவது? அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மாள் ஒருவர் இருக்கிறார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பட்சணம் அங்கே போவதும், கிறிஸ்துமஸுக்கு முட்டை சேராத கேக் ஒன்று எங்களுக்கென்று தனியே வருவதும் பல வருஷத்து வழக்கம். அவரிடம் சென்று ஒரு முட்டையைக் கைமாற்றாகக் கேட்டேன். “தின்கவா?” என்று அவர் கேட்ட தொனியில் அதிர்ச்சி பாதியும் மகிழ்ச்சி பாதியும் இருந்தன. மிதக்க விட என்று சொன்னதும் இரண்டும் போய், கவலை மட்டும் மிஞ்சிற்று. அவர் வீட்டுப் புறவாசல் துவைகல்லின் மேல், அவர் வீட்டுத் தம்ளரில், எங்கள் சாற்றில் கொஞ்சத்தை ஊற்றி முட்டையை இறக்கினோம். அது சற்றுத் தயங்கி, புரண்டு, ஒரு ரூபாய் அகலத்துக்குத் தலையை நீட்டி நின்றது. பரீட்சித்த சாற்றைக் கொட்டிவிட்டு, முட்டையைக் கழுவி அவரிடமே ஒப்படைத்தேன். வாங்கிய கடனைக் கிஞ்சித்தும் குறையாமல் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தவன் அந்தத் தெருவில் வேறு எவனும் இருக்க மாட்டான். முட்டை உபாயத்தைச் சொல்லும் மேல்நாட்டு நூல்கள், ஐஸ் இன்னும் மிருதுவாக வேண்டுமானால் ஒரு கரண்டி பிராந்தி சேர்க்கலாம் என்றும் சொல்கின்றன. அதற்கும் ஒரு துவைகல் தேட எனக்குத் துணிவு இல்லை.

குளிர்ப்பெட்டியின் மேல் அறையில் தேங்காய்த் துருவலும், சீசனில் வாங்கி உரித்து வைத்த பட்டாணியும் நெடுங்காலக் குத்தகைதாரர்களாக இருந்தபடியால், ஆதிகாலத்து முறையே எனக்கு விதிக்கப்பட்டது. 1843-இல் அமெரிக்காவில் நான்ஸி ஜான்ஸன் என்ற மாது கைப்பிடி சுழற்றும் யந்திரத்துக்கு உரிமை பெறும் வரையில், ஐரோப்பாவிலும் பாத்திரத்தை ஐஸுக்குள் புதைத்துக் கையால் திருப்பித்தான் செய்து வந்தார்கள். நேப்பிள்ஸ் நகரத்தில் 1690-களிலேயே அந்தோனியோ லாத்தீனி என்பவர் தம் சமையல் நூலில் இத்தகைய பனிப் பண்டங்களுக்குச் செய்முறை எழுதியிருக்கிறார். அவர்களுடைய பாத்திரம் என்னவாக இருந்தாலும், நம் எவர்சில்வர் தூக்குச் சட்டியைவிட உத்தமமாக இருந்திருக்க முடியாது. தீபாவளியன்று காலை, ஐஸ் கம்பெனியிலிருந்து சாக்கில் சுற்றி வந்த கால் பாளத்தை உலக்கையால் உடைத்து, வாளியில் தூக்கைச் சுற்றி அடுக்கி, அடுக்குக்கு அடுக்குக் கல்லுப்பைத் தூவினேன். மூன்று நான்கு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. தூத்துக்குடி அருகில் இருக்க, உப்புக்கு நமக்கு என்ன பஞ்சம்?

உப்பு சேர்ந்ததும் ஐஸ் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு வெப்பம் வேண்டும். சொந்தத்தில் அது இல்லாதபடியால், வீட்டு வரி கட்டுவதற்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குபவரைப் போல, அது தூக்கிலுள்ள சாற்றிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. இப்படி வாங்கி வாங்கி, அந்த உப்புநீர் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரையிலும் இறங்க வல்லது. தூக்கின் பிடியைப் பற்றி இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவே தள்ள வேண்டும். துடைக்க மறந்தால் ஒரு சொட்டு உப்புநீர் உள்ளே இறங்கி எல்லாவற்றையும் ஊறுகாய் ஆக்கிவிடும். பட்டாசு நனைந்து போனதால் துக்கத்தில் இருந்த பையன்களும், பத்திரிகையின் தீபாவளி மலரை விரித்து வைத்துக்கொண்டு தூங்கிய மைத்துனரும் முறை போட்டுத் திருப்பினார்கள். பண்டிகை நாளில் எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் அனைவரும் ஒரே காரியத்தில் ஈடுபட்டதை என் மனைவி நிலைப்படியில் நின்று வெகு நேரம் பார்த்தாள்.

முதலில் வெகு நேரம் ஒன்றுமே நிகழவில்லை. பிறகு வெளிச் சுவரில் வெண்மையாகப் பனி பூத்து, நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. உள்ளே ஓரத்தில் ஒரு மெல்லிய தோல் படிந்தது; சுரண்டச் சுரண்ட அது தடித்தது; கருஞ்சிவப்பு வெளிறி, காற்றுச் சேரச் சேர இளஞ்சிவப்பின் பக்கம் சாய்ந்தது; தூக்கு கனத்து, திருப்பும் கைக்கு எதிர்ப்புக் கொடுக்கலாயிற்று. கடைசியில் மரக்கரண்டி நட்டமாக நின்றது. அதுதான் பதம்.

இப்பொழுதுதான் மூன்று லட்சணங்களின் பிரச்சினை எழுந்தது. அதைத் தட்டில் வைத்து அனுப்ப இயலாது. இரண்டாவது வீட்டை அடைவதற்குள் அது மீண்டும் சாறாகிவிடும். ஆகவே பட்சணம் வீடுகளுக்குப் போவதற்குப் பதிலாக, வீடுகள் பட்சணத்திடம் வந்தன. வழக்கமாக வாசற்படியோடு ‘அம்மா கொடுக்கச் சொன்னாங்க’ என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடும் தீபாவளி, அன்றைக்குத் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்துகொண்டது. சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டிக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அதை மெதுவாகத்தான் உண்ண முடியும், வேகமாக உண்டால் நெற்றிப் பொட்டு வலிக்கும் என்பதனால், ஒவ்வொருவரும் அரை மணி நேரம் இருந்தார்கள். ஆசிரியை அம்மாள் முட்டையின் கதையை மிகைப்படுத்தாமல் சொன்னார். அப்படியும் அது போதுமானதாக இருந்தது. அத்தை முதல் கிண்ணத்தை எங்கள் வற்புறுத்தலுக்காக உண்டார். இரண்டாவது கிண்ணத்தைத் தாமே நீட்டியபோது, “காலைல லேகியம் தின்னாச்சுல்லா, அதுக்கும் ஒரு சோலி வேண்டாமா?” என்று சாஸ்திரோக்தமான சமாதானம் சொன்னார்.

சாயங்காலம் என் மனைவி தெருக்கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தத் தட்டும் எங்கள் வீட்டை விட்டுப் புறப்படாதபடியால், எந்தத் தட்டும் நிறைந்து திரும்பவில்லை. வந்து தின்றுபோனவர்களின் பெயருக்கு எதிரே எத்தனை என்று எழுதுவது, எந்த முறுக்கை எந்தக் கரண்டிக்கு ஈடாகக் கேட்பது என்பவற்றுக்கு எங்கள் தெருவின் வழக்கத்தில் விதி கிடையாது. நெடுநேர ஆலோசனைக்குப் பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறிற்று: வருகிற தீபாவளிக்கும் திராட்சை ஐஸ் உண்டு, ஆனால் அதற்கு முந்தின நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டில் பதினொரு அதிரசம் போயாக வேண்டும். அதிரசத்தை யார் சுடுவது என்பது தீர்மானத்தின் வாசகத்தில் இல்லை. ஆனால் அதைப் படித்துக் காட்டும்போது, சபையில் இருந்த பெண்கள் அனைவரும் தூக்குச் சட்டியைத் திருப்பிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.