மடிக்கணினிப் படலம்

பொறியியல் கலந்தாய்வில் பிள்ளைக்கு இடம் கிடைத்த மறுகணமே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கையில் காட்டாத விவேகத்தையெல்லாம் மடிக்கணினி வாங்குவதிலாவது காட்டிவிடுவது என்று நம் குடும்பங்கள் சங்கல்பம் செய்துகொள்கின்றன. பெரியப்பா பிராசஸரின் கோத்திரத்தை விசாரிக்கிறார். சித்தப்பா ஆடித் தள்ளுபடி வரை பொறுக்கச் சொல்கிறார். பிள்ளையாண்டானோ, விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் தனக்கு இயந்திரவியல் சித்திக்காது என்று, கல்வியின்பால் அதுவரை காணாத சிரத்தையோடு வாதாடுகிறான். மேக்புக்தான் கௌரவம் என்று தீர்மானித்த வீட்டாருக்கு, இயந்திரவியல் வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது என்னும் சமாசாரம் பணம் கட்டிய பிறகே தெரியவருகிறது.

இவ்வளவு பிரயாசைக்குப் பின் வந்திறங்கும் அந்த மகாயந்திரம், முதலாண்டில் பகா எண்களைக் கண்டுபிடிக்கும் பத்து வரிப் பைதான் நிரலை ஓட்டிவிட்டு, இரவெல்லாம் விளையாட்டிலேயே தன் பராக்கிரமத்தைக் காட்டுகிறது. அதன் எஜமானனோ மினி டிராஃப்டரோடு டிராயிங் ஷீட்டில் கோடு கிழித்து, ரெக்கார்டு நோட்டைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறான். 16 ஜிபி ரேமும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் சுமக்கத்தக்க எடையும் இருந்தால் பெரும்பாலோருக்கு நான்காண்டும் தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தை அரியர் கட்டணத்துக்கு எடுத்து வைப்பதே உத்தமம்.