துரைக்கு எதில் அவசரம்?

எடின்பரோவின் செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் சுமார் 150 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது. உச்சியில் ஹென்றி டண்டாஸ். முகம் பார்க்க நினைத்தால் கழுத்துதான் வலிக்கும். உயிரோடு இருந்தபோதும் ஸ்காட்லாந்துக்காரர்கள் அவரை அண்ணாந்துதான் பார்த்தார்கள். முடிசூடாத மன்னர் என்று பெயர். முடி ஒன்றுதான் பாக்கி, மற்றதெல்லாம் இருந்தது.

தேர்தல் என்பது அவருக்கு ஒரு தொல்லையே அல்ல. 1788 கணக்குப்படி ஸ்காட்லாந்தின் கவுண்டித் தொகுதிகள் அத்தனைக்கும் சேர்த்து வாக்காளர்கள் சுமார் 2,600 பேர். வசதியான வீட்டுக் கல்யாணத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மருமகன்களுக்கும் வேலை போட்டுக் கொடுத்தால் போதாதா? கிழக்கிந்தியக் கம்பெனியை மேய்க்கும் கட்டுப்பாட்டு வாரியம் 1784இலிருந்து அவர் கைக்குள். பண்ணையாரின் இளைய மகன் சென்னப்பட்டினத்துக்குக் கப்பலேறுவான். அப்பாவின் ஓட்டு டண்டாஸின் சட்டைப்பைக்குள் ஏறும்.

நியாயம் தெரியாதவரா என்றால், அதுவும் இல்லை. ஜமைக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜோசப் நைட்டுக்காக வாதாடி, ஸ்காட்லாந்தில் அடிமைத்தனம் செல்லாது என்று 1778இல் தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். தெரிந்தே செய்தவர் என்பதால்தான் வயிறு எரிகிறது.

1792 ஏப்ரல் 2. அடிமை வணிகத்தை ஒழிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வில்பர்ஃபோர்ஸ் தீர்மானம் கொண்டுவருகிறார். ஆதரவாக 519 மனுக்கள் வந்து குவிந்திருக்கின்றன. டண்டாஸ் எழுந்தார். எனக்கும் சம்மதமே என்றார். ஆனால் படிப்படியாக என்று ஒரு சொல்லைச் செருகினார். 230க்கு 85 என்று சபை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டது. கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடந்தவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பிறகு 1796 என்று கெடு வைத்தார்கள். 1796 வந்தது, போனது. வணிகம் நின்றது 1807இல். இடையில் 1795இல் தொடங்கி, மேற்கிந்தியப் படைப்பிரிவுகளுக்கு ஆள் சேர்க்க அரசாங்கமே அடிமைகளை விலைக்கு வாங்கியது. மொத்தம் சுமார் 13,400 பேர். அந்தக் கொள்முதல் தொடங்கியபோது போர்த்துறை அமைச்சர் யார்? நம் படிப்படிப் பெருமான்தான்.

பிரபுக்கள் சபை எப்படியும் தடுத்திருக்கும், அவர் நடைமுறை தெரிந்த மனிதர், நிதானமே அவர் சுபாவம் என்று இன்றும் வாதாடுகிறார்கள். சுபாவமா? அப்படியானால் ஆற்காட்டுக்கு வாருங்கள்.

நவாப் முகமது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே வட்டிக்கு வாங்கித் தள்ளினார். ஈடு, கர்நாடகச் சீமைக் கிராமங்களின் நிலவரி. பால் பென்ஃபீல்டு போன்ற கடன்காரர்களின் பத்திரங்களில் எது அசல், எது புளுகு என்று ஊருக்கே சந்தேகம். விசாரித்துவிட்டுக் கொடுங்கள் என்று 1784 இந்தியச் சட்டமே சொன்னது. கம்பெனி டைரக்டர்கள் விசாரணைக்கு உத்தரவும் எழுதினார்கள். வாரியம் அதை அடித்துவிட்டது. விசாரணையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எல்லாக் கடனையும் அடை! வருடத்துக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள். அந்தத் தேங்காய்க்காரன் யார்? 1780இல் ஹைதர் அலியின் படை எரித்துவிட்டுப் போன வயலில், பஞ்சத்துக்குத் தப்பிப் பிழைத்து நின்ற குடியானவன். இது தேர்தலில் கைகொடுத்த கடன்காரர்களுக்குச் செய்யும் கைம்மாறு என்று 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காகக் கொதித்தார். தீர்மானம் தோற்றது.

கேள்வி கேட்காமல் பணம் வருகிறது என்று தெரிந்தால் பத்திரம் குட்டி போடாதா? போட்டது. பிற்காலத்தில் வந்து குவிந்த புதுப் பத்திரங்களை ஆணையம் வைத்துச் சோதித்தபோது பத்தில் ஒரு பங்குகூட உண்மையாகத் தேறவில்லை. வட்டிக்காரனிடம் "படிப்படியாக வாங்கிக்கொள்ளப்பா" என்று சொல்ல மட்டும் துரைக்கு நாக்கு எழவில்லை.

உள்ளூரில் ஓட்டுரிமை கேட்டவர்களிடமும் சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. அவர் உள்துறை அமைச்சர், அண்ணன் மகன் ராபர்ட் அரசின் தலைமை வழக்கறிஞர். 1793இல் தாமஸ் மியூர் என்ற வக்கீலுக்கு 14 ஆண்டு நாடுகடத்தல்.

கடைசியில் மாட்டியது கடற்படைப் பணத்தில். பொருளாளராக அவர் இருந்தபோது, பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் இருக்க வேண்டிய பணத்தைக் கீழதிகாரி டிராட்டர் கூட்ஸ் வங்கிக்குக் கொண்டுபோய் லாபம் பார்த்தார். அந்த டிராட்டரிடம் துரை கைமாற்றும் வாங்கியிருந்தார். வவுச்சர்களை அழித்தாயிற்று. 1805இல் கண்டனத் தீர்மானத்துக்கு 216க்கு 216. சபாநாயகர் துரைக்கு எதிராக ஓட்டுப் போட, பதவி போனது. 1806இல் பிரபுக்கள் சபை விசாரித்தது. பிரபுவைப் பிரபுக்கள் விசாரித்தால் என்ன ஆகும்? எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை.

அந்தத் தூண் இருக்கிறதே, 1820களில் அதைக் கட்டக் காசு போட்டவர்கள் கடற்படைக்காரர்கள். அதிகாரிகளோடு சாதாரண மாலுமிகளும்.

அடிமை வணிகத்தில் அவருடைய பங்கைச் சொல்லும் பலகை ஒன்றை எடின்பரோ மாநகராட்சி 2021இல் தூணடியில் பதித்தது. அவருடைய வழிவந்தவர்கள் எதிர்த்தார்கள். 2023இல் பலகை கழன்றது. 2024இல் திரும்ப ஏறியது. ஆற்காட்டுக் கடனைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.